ஐந்தருவிக்கு என்ன ரேட்டு

அத்தியாயம் 9

போன வாரம், மேலகரத்து மாடி வீட்டில் கரண்ட் போன நேரத்தில் நாம் எழுந்து வந்துவிட்டோம். சண்முகப்பிரியாவும் அவள் கணவன் முத்துகுமரனும் இருட்டில் ஐதராபாத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் திரும்பி வந்தபோதும் பேச்சு அதே இடத்தில்தான் நின்றது. இருவரும் தூங்கப் போய்விட்டார்கள்.

இப்போது காலை. வெளியே சாரல் விழுகிறது. துணி காயாத வாசனை வீடு முழுக்க இருக்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தத் தம்பதி பெங்களூரில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை பார்த்து, ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டு, ஆறு வருடத்தில் அலுத்துப்போய் ஊருக்கு வந்தவர்கள். வந்த இடத்தில் இருவருமாக ஒரு வீடியோ கேம் செய்தார்கள். பெயர் ‘சாரல் மினி பஸ்’. தென்காசியில் வண்டியை எடுத்து, ஆள் ஏற்றி, டிக்கெட் கிழித்து, சில்லறைக்குச் சண்டை போட்டு, மேலகரம் வழியாகக் குற்றாலம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

இதை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்று பிரியாவின் அண்ணன் குமரகுரு கேட்டார். வாங்கினார்கள். சென்னையில் வாங்கினார்கள், துபாயில் வாங்கினார்கள், தென்காசி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத போலந்துக்காரன் ஒருவனும் வாங்கினான்.

முதல் மூன்று மாதம் வருமானம் நன்றாக இருந்தது. பிறகு இறங்கியது. கேம் என்பது தக்காளி இல்லை. வாங்கினவன் மறுவாரம் பையோடு வந்து நிற்க மாட்டான். அவனிடம் இன்னொரு தடவை காசு பார்க்க வேண்டுமென்றால் அதே கேமில் கூடுதலாக ஏதாவது கொடுக்க வேண்டும். புது ரூட்டோ, புது வண்டியோ, தனி விலை போட்டு, வேண்டும் என்கிறவர்கள் மட்டும் டவுன்லோட் செய்துகொள்கிற மாதிரி. இந்தத் தொழிலில் பெரிய ஆட்கள் எல்லோரும் செய்வதுதான்.

குமரகுருவுக்கு இதை விளக்குவதற்குப் பிரியா ஒரு மாலைப் பொழுதையே ஒதுக்கிவைத்திருந்தாள். அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்.

“எக்ஸ்ட்ரா பெட்டுன்னு சொல்லு” என்றார்.

அந்த எக்ஸ்ட்ரா பெட், ஐந்தருவி. அங்கேதான் சிக்கல்.

கேமை முதலில் வெளியிட்டபோது ஐந்தருவி ரூட் தயாராகவில்லை. ரோடு பாதியில் நின்றது, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் ‘விரைவில் வருகிறது’ என்று ஒரு போர்டை மாட்டியிருப்பார்கள். முத்துகுமரன் இந்த ஊர்க்காரன். ரோட்டுக்குக் குறுக்கே இரும்புத் தடுப்பை நிறுத்தி, மழைக்கோட்டு போட்ட இரண்டு போலீஸ்காரர்களையும் நிறுத்தி, ‘வெள்ளப்பெருக்கு காரணமாக ஐந்தருவிக்குச் செல்லத் தடை’ என்று எழுதிவைத்தான். அந்த வேலையை முடித்துவிட்டு அவனே தனியாகச் சிரித்துக்கொண்டான்.

ஆடுகிறவர்களும் சிரித்தார்கள். வண்டியைத் தடுப்புவரை கொண்டுபோய் நிறுத்தி, போலீஸ்காரர்களோடு போட்டோ எடுத்துப் போட்டார்கள். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார்கள். முத்துகுமரனுக்கு விளையாட்டுப் புத்தி. இணையத்தில் கேமுக்கென்று இருந்த பக்கத்தில் தினமும் காலையில், பேப்பரில் வருகிற பாணியில் எழுத ஆரம்பித்தான். மெயினருவியில் குளிக்க அனுமதி. ஐந்தருவியில் தடை நீடிக்கிறது. நீர்வரத்து குறைந்ததும் தடை விலக்கப்படும்.

மாதக்கணக்கில் எழுதிவிட்டான். அதைப் பார்க்காமல் காபி குடிக்க மாட்டேன் என்று சொல்கிற ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

‘விரைவில் வருகிறது’ என்ற போர்டுக்குப் பின்னால் இருப்பதற்குக் காசு கேட்கலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெள்ளம் என்று போர்டு வைத்துவிட்டு, தண்ணீர் வடிந்த பிறகு காசு கேட்டால் அது வேறு கதை. குற்றாலத்தில் தடுப்பை எடுப்பதற்கு யாரும் யாருக்கும் காசு கொடுத்ததில்லை. இது தம்பதிக்கு உறைத்தபோது ரூட் தயாராகி, வெளியிடும் நாளும் குறித்தாகிவிட்டது. அந்த நாள் இன்று. சாயங்காலம் ஏழு மணிக்கு விற்பனைக்கு வர வேண்டும். விலையை மட்டும் இன்னும் போடவில்லை.

ஐதராபாத்தும் இன்றைக்குத்தான் பதில் கேட்டிருக்கிறது. அங்கே ஒரு கம்பெனி முத்துகுமரனுக்கு வேலை தருகிறது. சம்பளத்தைக் கேட்டால் குமரகுருவே ஒரு கணம் வாயை மூடுவார்.

இட்லித் தட்டை வைத்துக்கொண்டு இருவரும் மறுபடி ஆரம்பித்தார்கள். ஐந்தருவியை விலைக்கு விற்றால், கேம் வாங்கியவர்களில் பத்துக்கு நாலு பேராவது வாங்குவார்கள் என்பது பிரியாவின் கணக்கு. மற்ற கேம்களில் ஒன்றிரண்டு பேர்தான் வாங்குவார்கள், இங்கே தடுப்பு ஆசையைக் கிளப்பிவிட்டிருக்கிறது. நாலு பேர் வாங்கினால் ஒரு வருடம் ஓடிவிடும். அதற்குள் செங்கோட்டையிலிருந்து மலையேறிக் கேரளாவுக்குப் போகிற ரூட்டை முடித்துவிடலாம். ஐதராபாத்துக்கு மாட்டேன் என்று சொல்லிவிடலாம்.

இந்த வீட்டில் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை அவள் அடிக்கடி சொல்லிக்கொள்வதில்லை. பெங்களூரில் அவளும் அவனும் ஒரே கட்டிலில் படுத்து, போனில் குறுஞ்செய்தி அனுப்பிப் பேசிக்கொண்ட நாட்கள் உண்டு. இங்கே ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். அது போதும் என்றிருந்தது அவளுக்கு.

“காசு கேக்கது தப்புன்னு நான் சொல்லல. தண்ணி வடிஞ்சா தொறப்போம்னு எழுதினது நான். இப்பம் காச எடுன்னு எப்பிடி எழுதுவேன்?” என்றான் முத்துகுமரன்.

“ஓசின்னு எழுதினியளா?”

“இல்ல.”

“அப்பம் என்ன? அஞ்சு மாசம் அந்தத் தண்ணிய வரைஞ்சிருக்கேன். அஞ்சு கிளையும் அஞ்சு விதமா விழணும்னு விடியக்காலம் போய்க் குளிருல நின்னு பாத்து வரைஞ்சது. அதுக்குக் கூலி கேக்கக் கூடாதா?”

கூடாது என்று அவனால் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீர் அப்படி இருந்தது. அவன் இட்லியைப் பிய்த்தான்.

விலையைக் குற்றாலத்தில் தன் லாட்ஜ் கல்லாவில் உட்கார்ந்துதான் போட வேண்டும் என்று குமரகுரு பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். ராசியான கல்லாவாம். கேம் கம்பெனியில் அவரும் ஒரு பங்குதாரர், சீசன் நேரத்தில் அவரால் இடத்தைவிட்டு நகரவும் முடியாது. பிரியா லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

“ஐதராபாத்துக்கு இல்லன்னு எழுதிருங்க” என்று படியிலிருந்து சொன்னாள்.

முத்துகுமரன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவள் நின்று பார்க்கவில்லை. மினி பஸ் வந்துவிட்டது.

முத்துகுமரனுக்குத் தென்காசியில் ஒரு வேலை இருந்தது. கரண்ட் போனால் கம்ப்யூட்டரைத் தாங்குகிற யு.பி.எஸ். நேற்றே படுத்துவிட்டது. அதை ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு ரத வீதிப் பக்கம் இருக்கும் பாண்டியராஜ் கடைக்குப் போனான்.

பாண்டியராஜ் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். வேலை இல்லாத நேரத்தில் ‘சாரல் மினி பஸ்’ ஓட்டுவான். வேலை இருக்கும்போதும் ஓட்டுவான். இப்போதும் கடைத் திரையில் மினி பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது, தடுப்புக்கு முன்னால்.

யு.பி.எஸ்ஸைப் பிரித்துப் பார்த்து, பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றான். அதற்கு இவ்வளவு ஆகும் என்று முத்துகுமரனின் கண்ணைப் பார்த்துச் சொன்னான். சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்தான். விலை சொல்வது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரிதான் இருந்தது.

பேட்டரியை மாட்டிக்கொண்டே கேட்டான்.

“அண்ணாச்சி, ஐந்தருவிய எப்பம் தொறக்கிய?”

“இன்னைக்கிச் சாயங்காலம்” என்றான் முத்துகுமரன். வாயில் வந்துவிட்டது.

பாண்டியராஜ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். போனை எடுத்தான். அவன் மச்சான் ஒருவன் தோஹாவில் ஏதோ கம்பெனியில் இரவுக் காவலுக்கு இருக்கிறானாம். வேலை முடிந்து ரூமுக்கு வந்ததும் வண்டி ஓட்டுவானாம். தண்ணீர் வடிந்துவிட்டதா என்று தினமும் கேட்கிறானாம்.

“ஏலே, தண்ணி வடிஞ்சிட்டாம்லே. சாயங்காலம் தொறக்காவளாம். ஓனர் அண்ணாச்சியே இங்கன கடையில நிக்காவ” என்று போனில் பேசிப் பதிவு செய்தான். பிறகு போனை நீட்டினான். “நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி. நான் சொன்னா நம்ப மாட்டான்.”

இதுதான் சந்தர்ப்பம். ஒரு சின்ன விலை உண்டு என்று சொன்னால் முடிந்தது. முத்துகுமரன் போனை வாங்கினான். பாண்டியராஜ் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

“ஆமா, தொறக்கோம்” என்றான் முத்துகுமரன். “வாங்க.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பேட்டரிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். ஸ்கூட்டர் சீட்டில் நீர் நின்றது. துடைக்காமல் உட்கார்ந்தான். கடையில் நிற்கிற ஒருவனிடம் சொல்ல முடியாத விலையை எங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான பேரிடம் எழுத்தில் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்ளப் போகிறோம் என்று அவனுக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. வண்டியைக் கிளப்பினான்.

குற்றாலத்தில் அன்றைக்கு எந்த அருவியிலும் தடை இல்லை. கூட்டம் சொல்லி மாளாது. லாட்ஜ் வாசலில் விருதுநகர்ப் பக்கத்து வேன் ஒன்று நின்றது. அதிலிருந்து இறங்கியவர்களின் தலைவர் குமரகுருவின் மேஜைக்கு முன்னால் நின்று, ரூம் வாடகையைக் குறைக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார்.

குமரகுரு வேனின் நம்பர் பிளேட்டை ஒரு பார்வை பார்த்தார். இறங்கியவர்களை எண்ணினார். எல்லோரும் ஏற்கெனவே நனைந்திருந்ததைக் கவனித்தார். பிறகு வாடகையில் ஒரு பைசா குறைக்காமல், வெந்நீர் மட்டும் இலவசம் என்றார். தலைவர் சந்தோஷமாகச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். பிரியா ஓரமாக நின்று இதைப் பார்த்தாள். சிறுவயதில் இதைப் பார்க்கும்போது கூச்சமாக இருக்கும். இப்போது கற்றுக்கொள்ள வேண்டுமோ என்று யோசித்தாள்.

அண்ணனும் தங்கையும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். லேப்டாப் திறந்தது. கேமின் விலை முந்நூற்று நாற்பத்தொன்பது ரூபாய். ஐந்தருவிக்கு முந்நூறு என்றார் குமரகுரு. கேமுக்கும் அதன் ஒரு பகுதிக்கும் கிட்டத்தட்ட ஒரே விலையா என்று பிரியா கேட்டாள். ஐந்தருவியில் ஆளைக் கொண்டுவந்து விட்ட பிறகு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்குத் தனி ரேட், துண்டுக்குத் தனி ரேட் என்று பிரித்துப் போட்டால் என்ன என்று அடுத்த யோசனையை எடுத்தார். அதெல்லாம் செய்தால் ஆட்கள் கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்றாள் பிரியா. அவள் தொண்ணூற்றொன்பதில் நின்றாள்.

கேமை விற்கிற ஆன்லைன் ஸ்டோருக்கு நூற்றுக்கு முப்பது பங்கு போக வேண்டும் என்று கேட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. ஆள் பிடித்து வரும் ஆட்டோக்காரர்களுக்குத் தான் கொடுக்கிற கமிஷனை நினைத்துப் பார்த்து, பரவாயில்லை, நம்ம ஆட்டோக்காரர்கள் நல்லவர்கள் என்றார்.

ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு வேறு விலை போடலாம் என்று திரையில் ஒரு பட்டியல் இருந்தது. அதைப் பிரியா காட்டியபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை காலம் நம்பர் பிளேட்டைப் பார்த்துத் தான் செய்துவந்ததை உலகமே செய்கிறது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. கத்தாருக்குக் கூட்டு, போலந்துக்குக் கொஞ்சம் விட்டுப் பிடி என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் இந்தியாவுக்கு நூற்று நாற்பத்தொன்பது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

பிரியாவின் விரல் அங்கேயே நின்றது.

“அண்ணே, அவிய எல்லாம் தண்ணி வடியட்டும்னு காத்துக் கெடக்காவ. வடிஞ்சிட்டு, இப்பம் காச எடுன்னா ஏமாத்துன மாதிரி இருக்காதா?”

குமரகுரு ஒருவருக்குச் சாவி எடுத்துக் கொடுத்தார். இன்னொருவருக்கு ஐந்தருவிக்கு வழி சொன்னார். பிறகு கல்லாவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“ஏட்டி, எனக்கு இந்தக் கேமும் தெரியாது, எழவும் தெரியாது. நீ பெங்களூருக்குப் போனப்பம் ஆறு வருசம் நான் தீவாளிக்கு யாருட்டயும் சண்டை போடல. அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. இப்பம் ஐதராபாத்துங்க. நீ போயிட்டா நான் யாருகூட ரேட்டு பேசி மல்லுக்கட்டுவேன்? வித்துத் தொலையேன்.”

அவர் வேடிக்கையாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் அப்படி இல்லை. பிரியா அண்ணனைப் பார்த்தாள். நெற்றியில் முடி பின்வாங்கியிருந்தது. சீசன் இரைச்சலில் தொண்டை கட்டியிருந்தது.

ஏமாற்றுகிறோம்தான். இந்த ஒரு தடவை ஏமாற்றிவிடலாம், இங்கேயே இருக்கலாம் என்று முடிவு செய்தாள். கேமின் பக்கத்தில் நாலு நாள் திட்டுவார்கள். திட்டட்டும். திட்டுகிறவர்களுக்கு அவளே பதில் எழுதுவாள், முத்துகுமரன் எழுத வேண்டாம். விலையைப் போட்டு, ஏழு மணிக்கு விற்பனை என்று குறித்து, உறுதி செய்தாள். குமரகுரு கல்லாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

புறப்படும்போது மங்குஸ்தான் பழம் ஒரு பை கொடுத்தார். மாப்பிள்ளைக்குப் பிடிக்கும் என்றார். திரும்பி வந்த மினி பஸ்ஸில் பிரியாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மனசு இலேசாகத்தான் இருந்தது, கொஞ்சம் அசிங்கமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்பதை அவள் பெரிதுபடுத்தவில்லை.

மேலகரத்தில் அவள் படியேறியபோது மணி ஆறு இருக்கும். முத்துகுமரன் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போட்டாச்சு” என்றாள். “நூத்தி நாப்பத்தொம்பது. அண்ணன் முந்நூறுல நின்னான். ஏழு மணிக்கு வந்துரும்.” பழப்பையை மேஜையில் வைத்தாள். “ஐதராபாத்துக்கு எழுதிட்டியளா?”

“எழுதிட்டேன்.”

“இல்லன்னுதான?”

அவன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

“வாரேன்னு எழுதிட்டேன், பிரியா. அத எழுதிட்டு, பொறவு தடுப்ப எடுத்துட்டேன். கேம் வாங்கின எல்லாருக்கும் ஐந்தருவி ஓசியாப் போயிட்டு. அப்டேட்டாப் போட்டுட்டேன். அரை மணி நேரம் ஆச்சு.”

பிரியா நின்றபடி அதைக் கேட்டாள். புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. கேமுக்குள்ளேயே ஐந்தருவி போய்விட்டால், ஏழு மணிக்கு அவள் நூற்று நாற்பத்தொன்பது ரூபாய்க்கு விற்கப்போகும் பெட்டிக்குள் ஒன்றும் இருக்காது. லேப்டாப்பைத் திறந்தாள். கல்லாவில் வைத்துப் போட்ட விலையை எடுத்தாள். விற்பனையை ரத்து செய்தாள். கைக்கு அந்த வேலை தெரிந்திருந்தது, செய்து முடித்தது.

அவன் பேசிக்கொண்டிருந்தான். கடையில் போனை நீட்டினார்கள், விலை சொல்ல வாய் வரவில்லை, தன்னால் முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது என்றான். வேலைக்குச் சம்மதம் சொல்லாமல் தடுப்பை எடுக்க அவனுக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் முதலில் அதை எழுதினான். அவளிடம் கேட்டிருந்தால் அவள் வேண்டாம் என்றிருப்பாள், அவனும் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு ஆறு மாதம், ஒரு வருடம், அங்கிருந்தபடியே கேரளா ரூட்டை முடித்துவிடலாம் என்றான். எல்லாவற்றையும் வரிசையாக, நியாயமாகச் சொன்னான்.

போன் அடித்தது. அண்ணன். ஏழு மணிக்கு முன்னாலேயே எத்தனை விற்றது என்று கேட்பதற்காக இருக்கும். அவள் எடுக்கவில்லை.

திரையில் கேமின் பக்கம் திறந்திருந்தது. ஆட்கள் ஐந்தருவிக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு ஆளை ஏற்றாமல், இறக்காமல், சும்மா அருவியைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக எழுதினார்கள். தோஹாவிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான்: தண்ணி அப்படியே இருக்கு, இதை வரைஞ்சது யாரு அண்ணாச்சி?

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

“வாக்கு நீங்க குடுத்தது” என்றாள். “வரைஞ்சது நான். ஒங்க வாக்கக் காப்பாத்த என் தண்ணியத் தூக்கிக் குடுத்திருக்கிய. எங்கிட்ட ஒரு போன் போடலாம்னு தோணல.”

காலையிலிருந்து முத்துகுமரன் யோசித்த எல்லாவற்றிலும் இது இல்லை. தான் விட்டுக்கொடுத்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தான். தப்பு பண்ணிட்டேன் என்று மெதுவாகச் சொன்னான். அவள் ஆமாம் என்றாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மங்குஸ்தான் பழத்தில் ஒன்றை உடைத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

அதைப் பார்த்து அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கோபம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும் என்றான். தென்காசியிலிருந்து சென்னை போய் அங்கிருந்து வண்டி மாற வேண்டும், சீசன் நேரம், இடம் கிடைக்காது, இப்போதே போட்டால்தான் உண்டு என்று போனில் ரயில் டிக்கெட் பக்கத்தைத் திறந்தான்.

“கீழ் பெர்த்து இருக்கு. ரெண்டு டிக்கெட் போட்டுரட்டா?”

பிரியா பழத்தோலை ஒதுக்கிவைத்தாள்.

“ஒண்ணு போடுங்க” என்றாள்.